சத்தமில்லாமல் தவறும் உத்திகள்

பைத்தான் கற்கத் தொடங்குபவர் கைக்கு முதலில் வந்துசேரும் உத்திகளில் ஒன்று, ஒரு ஸ்ட்ரிங்கின் பின்னால் [::-1] என்று எழுதி அதைத் திருப்பிப் போடுவது. லூப் தேவையில்லை, தனி ஃபங்ஷன் தேவையில்லை. திருப்பியதும் மூலமும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டால் பாலிண்ட்ரோம் சோதனையும் அதே வரியில் முடிந்துவிடும். தமிழில் இந்த வகைக்கு எல்லோருக்கும் நினைவுக்கு வரும் சொல் 'விகடகவி'. அதை இந்தச் சோதனைக்குக் கொடுத்தால், இது பாலிண்ட்ரோம் இல்லை என்று பதில் வரும்.

யூனிகோடில் 'வி' ஒற்றை எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. வகரத்துக்கு ஒரு குறியீடு, அதை அடுத்து வரும் இகரக் குறிக்கு இன்னொன்று. நாம் ஐந்தெழுத்தாக எண்ணும் சொல்லைப் பைத்தான் ஏழாக எண்ணுகிறது. அந்த ஏழையும் அப்படியே பின்னிருந்து எடுத்து வைக்கும்போது கடைசி 'வி'யின் குறி யாருக்கும் சொந்தமில்லாமல் தலையில் போய் நிற்கிறது. முதல் 'வி'யின் குறியோ பக்கத்து ககரத்தில் ஒட்டிக்கொள்கிறது. அநாதையான ஓர் இகரக் குறியும் அதன்பின் 'வகடகிவ'வும் மிஞ்சுகின்றன. திருஞானசம்பந்தர் மாலைமாற்று என்னும் பாலிண்ட்ரோம் வடிவிலேயே ஒரு பதிகம் பாடியிருக்கும் மொழியில் இது நடக்கிறது. நிரல் நடுவில் நிற்கவில்லை, எரர் காட்டவில்லை. சரியான விடையைத் தரும் அதே தொனியில் தவறான விடையைத் தந்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

அன்றாட வேலைகளுக்கான பைத்தான் உத்திகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மிச்சமாகும் வரிகளைத்தான் கணக்கிடுகிறார்கள். என் அளவுகோல் வேறு. எதிர்பார்த்த தரவுக்கு எல்லா உத்தியும் வேலை செய்யும். அதனால்தான் அது உத்தியாகப் பரவியிருக்கிறது. எதிர்பாராத தரவு வந்தால் அது கத்துகிறதா, வாயை மூடிக்கொண்டு தவறுகிறதா என்பதில்தான் அதன் தரம் இருக்கிறது.

உத்திகளின் தரப்பில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது வலுவான தரப்பு. ஒரு லிஸ்ட்டில் உள்ளவற்றை வரிசை எண்ணோடு அச்சிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பூஜ்ஜியத்தில் ஒரு மாறியைத் தொடங்கி, லூப்பின் கடைசியில் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போவது பழைய வழி. நடுவில் 'கன்டின்யூ' ஒன்று நுழைந்துவிட்டால் கூட்டும் வரி தவறிப்போகும், எண்கள் பிசகும். 2003-இல் 2.3 பதிப்போடு வந்த 'என்யூமரேட்' அந்தத் தவறு நடக்கவே இடம் தரவில்லை. ஃபைலைத் திறக்க 'வித்' பயன்படுத்தினால் நடுவில் என்ன எரர் வந்தாலும் ஃபைல் மூடப்படும். 'கவுன்டர்' எதை எண்ணுகிறது என்பது பெயரிலேயே இருக்கிறது. இல்லாத ஒன்றைக் கேட்டால் பூஜ்ஜியம் என்று நேர்மையாகச் சொல்கிறது, கேட்டதற்காக அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை. இவையெல்லாம் சுருக்கமாக இருப்பது உண்மைதான். ஆனால் நான் இவற்றை ஏற்பது, தவறு நுழையும் வாசலை இவை அடைத்துவிடுவதால்.

கவுன்டருக்குப் பக்கத்திலேயே வைத்துப் பேசப்படும் 'டிஃபால்ட்டிக்ட்'டுக்கு இவ்வளவு தாராளமாகச் சான்றிதழ் தர முடியாது. அதில் இல்லாத ஒரு சாவியை வெறுமனே படித்தாலே அது அந்தச் சாவியை உருவாக்கி வைத்துவிடும். தரவைச் சேர்க்கும் இடத்தில் அது வரம். சேர்த்து முடித்துச் சோதிக்கும் இடத்தில், இத்தனை ஊர்கள், இத்தனை வாடிக்கையாளர்கள் என்று எண்ணும்போது, கேள்வி கேட்டதாலேயே உருவான வெற்றுப் பதிவுகளும் எண்ணிக்கையில் ஏறிவிடும். சேர்க்கும் வேலை முடிந்ததும் சாதாரண டிக்ஷனரியாக மாற்றிக்கொள்கிறவர்களுக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன்.

இந்த அளவுகோல் என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. பைத்தான் மொழி தன் உத்திகள் மீதே இப்படித் தீர்ப்பு எழுதியிருக்கிறது. 'இப்படியென்றால் இது, இல்லையென்றால் அது' என்பதை ஒரே வரியில் எழுத அந்த மொழியில் நெடுங்காலம் வழியில்லை. அதனால் 'அண்ட்', 'ஆர்' இரண்டையும் கோத்து ஓர் உத்தி பிறந்தது: நிபந்தனை அண்ட் முதல் மதிப்பு ஆர் இரண்டாம் மதிப்பு. பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் நிபந்தனை உண்மையாக இருந்தும் முதல் மதிப்பு பூஜ்ஜியமாகவோ வெற்று ஸ்ட்ரிங்காகவோ இருந்தால், பைத்தான் அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டு இரண்டாம் மதிப்பைக் கொடுத்துவிடும். தேர்ந்த நிரலர்களும் இதில் மாட்டியதால்தான், நீண்ட விவாதங்களுக்குப் பிறகு, பெப் 308 முன்மொழிவின்படி 2006-இல் 2.5 பதிப்பில் நிபந்தனைத் தொடரே மொழிக்குள் வந்தது. உத்தி தேவையற்றதாகிவிட்டது.

தேவையற்றதாகியும் அதன் பாதி இன்னும் உயிரோடு இருக்கிறது. மதிப்பு இல்லாவிட்டால் இதை வைத்துக்கொள் என்பதற்கு 'ஆர்' போட்டு எழுதுவது இன்றும் உத்திப் பட்டியல்களில் மேல்வரிசையில் வருகிறது. தேர்வு முடிவுகளை அச்சிடும் ஒரு நிரலில், மதிப்பெண் ஆர் 'வரவில்லை' என்று எழுதிப் பார்க்கலாம். தேர்வுக்கு வராத மாணவருக்கு அது சரியாக 'வரவில்லை' என்று போடும். வந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதி 0 வாங்கிய மாணவருக்கும் அதையே போடும். மதிப்பு 'நன்' தானா என்று வெளிப்படையாகக் கேட்டால் சில சொற்கள் கூடும். அந்த மாணவர் தேர்வு எழுதினார் என்ற உண்மை காப்பாற்றப்படும். இந்த உத்தியை நான் முழுதாக நிராகரிக்கிறேன். பூஜ்ஜியம் வரவே வராத இடம் என்று எழுதுகிறவர் இன்று அடித்துச் சொல்லலாம். அடுத்த வருடம் அதே கோடை வேறொருவர் வேறொரு தரவுக்கு எடுத்துப் பயன்படுத்துவார்.

'ஜிப்' கதையும் இதே தடத்தில் போகிறது. பெயர்கள் ஒரு லிஸ்ட்டில், தொகைகள் இன்னொன்றில். இரண்டையும் சேர்த்து லூப் ஓட்ட ஜிப் அழகான கருவி. ஆனால் பெயர்கள் நாற்பது, தொகைகள் முப்பத்தொன்பது என்றால் கடைசிப் பெயரை அது பேசாமல் விட்டுவிடும். ஏன் ஒன்று குறைந்தது, அந்த ஒன்று கடைசியில்தான் குறைந்ததா நடுவில் குறைந்ததா என்று கேட்க ஆள் கிடையாது. நடுவில் என்றால் அதற்குக் கீழே உள்ள எல்லாத் தொகையும் ஒரு பெயர் தள்ளிப் பொருந்தியிருக்கும். பெப் 618 வழியாக 2021-இல் 3.10 பதிப்பில் 'ஸ்ட்ரிக்ட்' என்ற தெரிவு சேர்ந்தது; நீளம் பொருந்தாவிட்டால் அது எரர் எழுப்பும். ஜிப்பைச் சொல்லித் தருகிற எவரும் இன்று ஸ்ட்ரிக்ட்டோடுதான் சொல்லித் தர வேண்டும். இரு லிஸ்ட்டும் நீளம் வேறுபடலாம் என்று தெரிந்தே எழுதும்போது மட்டும் அதை எடுத்துவிடலாம்.

ஒரே இட்டரேட்டரையே ஜிப்புக்குள் பத்து முறை கொடுத்து, நீண்ட லிஸ்ட்டைப் பத்துப் பத்தாகப் பிரிக்கும் உத்தி ஒன்று உண்டு. அதன் செயல்முறை புரிந்த அன்று எவருக்கும் மனம் துள்ளும். ஒரே ஓட்டத்தைப் பத்து வாய்கள் முறைவைத்துக் குடிப்பது போன்ற அமைப்பு. ஆனால் நூற்று மூன்று பதிவுகளைக் கொடுத்தால் கடைசி மூன்று போய்விடும். 2023-இல் வந்த 3.12 பதிப்பின் 'பேட்ச்ட்' அந்த மூன்றையும் சிறு தொகுதியாகத் தருகிறது. கொஞ்சம் பின்னே நின்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது: புத்திசாலித்தனமான உத்தி ஒன்று பரவுகிறது, அது எங்கே வாய்திறக்காமல் தவறுகிறது என்று தெரியவருகிறது, சில வருடங்களில் பெயருள்ள ஒரு கருவி அதன் இடத்தைப் பிடிக்கிறது. பதிப்பு எண்ணைக் குறிப்பிடாமல் தரப்படும் உத்திகளை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

மீண்டும் வந்தவற்றை நீக்க லிஸ்ட்டை 'செட்' ஆக்கி, மறுபடி லிஸ்ட் ஆக்குவதும் எல்லோருக்கும் தெரிந்தது. இதில் ஒளிந்திருக்கும் வஞ்சகம், சோதித்துப் பார்க்கிறவரையே ஏமாற்றுவது. கற்பவர் வழக்கமாக 3, 1, 2, 3 போன்ற சிறிய எண்களைக் கொடுத்துப் பார்ப்பார். பெரும்பாலும் 1, 2, 3 என்று ஒழுங்காக வரும். செட் வரிசைப்படுத்தித் தருகிறது என்றே முடிவு கட்டிவிடலாம். அதே உத்தியை ஊர்ப் பெயர்களுக்குப் பயன்படுத்தினால் ஒவ்வொரு முறை நிரலை ஓட்டும்போதும் வரிசை மாறக்கூடும். ஹாஷ் மோதல்களை வேண்டுமென்றே உண்டாக்கிச் சர்வர்களை முடக்கும் தாக்குதலுக்குத் தடையாக, 3.3 பதிப்பிலிருந்து ஸ்ட்ரிங்குகளின் ஹாஷ் ஓட்டத்துக்கு ஓட்டம் மாற்றப்படுகிறது. பாதுகாப்புக்காக எடுத்த நல்ல முடிவுதான். அதன் விளைவு, நேற்றைய அறிக்கையும் இன்றைய அறிக்கையும் ஒரே தரவிலிருந்து வேறு வேறு வரிசையில் வருவது. டிக்ஷனரி, சேர்த்த வரிசையைக் காக்கும் என்று 2018-இல் 3.7 பதிப்பு உறுதி தந்துவிட்டது. அதனால் டிக்ஷனரியின் 'ஃப்ரம்கீஸ்' வழியாக நீக்குவதே சரி. நீளமும் ஏறத்தாழ அதேதான்.

மூன்றுக்கு மூன்று கட்டம் வேண்டுமென்று [[0]*3]*3 எழுதுவதை ஒரு வரியில் முடித்துவிடலாம்: மூன்று வரிசையும் ஒரே லிஸ்ட், ஒரு கட்டத்தில் எழுதினால் மூன்று வரிசையிலும் எழுதும். வேண்டாம்.

தமிழ் உரையோடு வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் கூர்மையாகிறது. ஒரு கட்டுரையில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது எளிய, அடிக்கடி தேவைப்படும் வேலை. ரெகுலர் எக்ஸ்பிரஷனில் 'சொல் எழுத்து' என்பதைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ்-டபிள்யூவால் சொற்களைப் பிரித்து, அப்படியே கவுன்டருக்குக் கொடுத்துவிடு என்பார்கள். ஆங்கில உரைக்குக் கச்சிதமாக ஓடும். பைத்தானோடு வரும் 'ஆர்-ஈ' மாட்யூல் எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல் எழுத்தாக ஏற்கிறது. நம் உயிர்மெய்க் குறிகளும் மெய்யின் புள்ளியும் யூனிகோடில் எழுத்து என்ற வகையில் இல்லை, சேர்குறி என்ற வகையில் இருக்கின்றன. அதனால் குறி வரும் இடமெல்லாம் சொல் அறுபடும். 'தமிழ்' என்ற சொல் 'தம', 'ழ' என்று இரண்டாகும். 'அம்மா' என்பது 'அம', 'ம' ஆகும். 'பாடம்' என்பது 'ப', 'டம' ஆகும். ஒரு நாவலையே கொடுத்தாலும் எரர் வராது. அதிகம் வந்த சொற்கள் என்று ஒற்றை எழுத்துகளும் துண்டுகளும் அணிவகுத்து நிற்கும். அதைப் படமாக வரைந்து காட்டவும் முடியும். யூனிகோடின் தமிழ்ப் பகுதி முழுவதையும், குறிகளையும் சேர்த்து, எல்லையாகக் கொடுத்துத் தேடுவது இதற்கு மாற்று. வரி சற்றே நீளும், சொல் முழுதாக வரும்.

பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கின்றனவா என்று பார்க்கும் 'இஸ்ஆல்ஃபா'வும் இதே காரணத்தால் 'தமிழ்' என்ற சொல்லையே எழுத்துகளால் ஆனது இல்லை என்று தள்ளிவிடும். பதிவுப் படிவங்களில் தமிழ்ப் பெயர்கள் ஏற்கப்படாமல் போவதற்கு இப்படி ஒரு வரியே போதும்.

அகரவரிசையில்தான் மிக நுட்பமான தவறு இருக்கிறது. 'சார்ட்டட்' யூனிகோட் எண்களின்படி அடுக்கும். அந்த ஏற்பாட்டில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும் இருக்கின்றன. ழகரத்துக்குப் பின்தான் வகரம். நம் நெடுங்கணக்கில் வ, ழ, ள, ற, ன என்றல்லவா முடியும்? ஆகவே 'கரி'க்கு முன்னால் 'கனி' வந்துவிடும். புள்ளி வைத்த மெய்யும் தன் உயிர்மெய் வரிசைக்கெல்லாம் பின்னால் போய் நிற்கும். இதைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம் என்றால், தமிழ்ச் சொற்கள் ழகரத்திலோ ளகரத்திலோ னகரத்திலோ தொடங்குவதில்லை. அ, ஆ, க, ச, த, ந, ப, ம, வ என்று முதலெழுத்து வரிசை மரபுப்படியே அமைந்துவிடுகிறது. மேலோட்டமாகப் புரட்டுகிறவருக்கு எல்லாம் சரியாக இருக்கும். பிசகு இரண்டாம், மூன்றாம் எழுத்துகளில் இருக்கிறது, அகராதியோ பெயர்ப் பட்டியலோ அச்சுக்குப் போன பிறகும் யார் கண்ணிலும் படாமல். தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்க 'ஓப்பன்-தமிழ்' போன்ற நூலகம் இருக்கிறது. பிரித்த எழுத்துகளுக்கு நெடுங்கணக்கு வரிசையில் எண் கொடுத்து, அந்த எண்ணையே 'சார்ட்டட்'டின் 'கீ'யாகத் தருவதுதான் முறை. அதைச் செய்யும் ஃபங்ஷனை ஒரு முறை எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

'கொ' போன்ற எழுத்துகள் யூனிகோடில் இரண்டு விதமாக இருக்கலாம்: ஒகரக் குறி ஒன்றாகவும், கொம்பும் காலும் தனித்தனியாகவும். திரையில் வேறுபாடே தெரியாது. இரண்டையும் ஒப்பிட்டால் வேறு வேறு என்று பைத்தான் சொல்லும். ஒப்பிடுவதற்கும் எண்ணுவதற்கும் முன்னால் 'யூனிகோட்டேட்டா' மாட்யூலின் 'நார்மலைஸ்' வழியாக உரையை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதை, தமிழ் உரைக்கான முதல் உத்தியாகவே வைப்பேன்.

இதெல்லாம் யூனிகோட் பிரச்சினை, உத்திகளை ஏன் குறை சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. திருப்பிப் போடும் உத்தி சேர்குறியோடு எழுதப்படும் எந்த மொழியிலும், பல எமோஜிகளிலும் இதே போல உடைகிறது. ஆனால் உத்தியைத் தேடி வருகிறவர் யார்? யூனிகோடின் உள்ளமைப்பை அறிந்தவருக்கு அந்த உத்தி தேவைப்படாது. அறியாதவருக்குத்தான் அது கொடுக்கப்படுகிறது, அவரிடம்தான் எல்லை சொல்லப்படாமல் போகிறது. தமிழ் பேசும் நிரலருக்குத் தமிழ் உரை விதிவிலக்கு இல்லை, அதுதான் அன்றாடத் தரவு.

லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனை எங்கே வைப்பது? 2000-இல் 2.0 பதிப்போடு வந்தது அது; பைத்தானின் முகமே அதுதான் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு லூப், ஒரு நிபந்தனை என்ற அளவில் அதைப் போலத் தெளிவானது வேறில்லை. இரண்டாவது லூப் உள்ளே நுழைந்ததும் படிப்பவர் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. தவறான விடை தராது, படிக்கும் நேரத்தைத் தின்னும். இது வேறு வகைக் குற்றம், சிறிய குற்றம்.

வால்ரஸ் என்று அழைக்கப்படும் := குறியும் இந்த இரண்டாம் வகையில்தான் சேரும். பெப் 572 முன்மொழிவு எழுப்பிய கசப்பான வாக்குவாதத்துக்குப் பிறகு, 2018 ஜூலையில் கைடோ வான் ரோசம் மொழியின் இறுதி முடிவாளர் என்ற பொறுப்பிலிருந்தே விலகினார். 2019-இல் 3.8 பதிப்பில் குறி வந்தது. என் தீர்ப்பு குறியின் பக்கம். ஃபைலைத் துண்டு துண்டாகப் படிக்கும் லூப்பில் படிக்கும் வரியை இரண்டு இடத்தில் எழுத வேண்டியிருந்தது. ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறக்கும் வாய்ப்பு இருந்தது. வால்ரஸ் அதை ஒரே இடமாக்கியது. தவறின் வாசல் ஒன்று அடைபட்டது. காம்ப்ரிஹென்ஷனுக்குள் அதைத் திணித்து வித்தை காட்டுகிறவர்களுக்காகக் குறியைக் குறை சொல்ல முடியாது.

கடைசியாகக் காசு. கமா வைத்துப் பிரித்த ஃபைலை 'ஸ்ப்லிட்' கொண்டு ஒரே வரியில் பிரிப்பதைப் பலரும் செய்கிறார்கள். நம் ஊர்க் கணக்குகளில் தொகையே "1,25,000" என்று மேற்கோள் குறிக்குள் கமாக்களோடு வருவது சாதாரணம். ஸ்ப்லிட் அதை மூன்றாக வெட்டும். மேற்கோள் குறியையும் உதறிவிட்டு முதல் துண்டை எடுத்தால் ஒன்றேகால் லட்சம் ஒரு ரூபாயாகிவிடும். 'சி-எஸ்-வி' மாட்யூல் 2003 முதலே பைத்தானோடு வருகிறது, அதை விட்டுவிட்டு ஸ்ப்லிட்டை நாட எந்தக் காரணமும் இல்லை. பைசாவை முழு ரூபாயாக்க 'ரவுண்ட்' போடுகிறவர்கள், பைத்தான் 3-இல் 2.5 என்பது 2 ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும். சரிபாதி வந்தால் இரட்டை எண்ணின் பக்கம் சாய்வது அதன் விதி. பணத்துக்கு 'டெசிமல்' எடுத்துக்கொண்டு, எப்படி முழுமையாக்க வேண்டும் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

எஃப்-ஸ்ட்ரிங்கில் தொகைக்குக் கமா போடுவது ஒற்றை எழுத்து வேலைதான். எஃப்-ஸ்ட்ரிங்கை எந்தத் தயக்கமும் இல்லாமல் ஏற்கிறேன். ஆனால் அந்தக் கமா 125000-ஐ 125,000 என்றுதான் காட்டும். லட்சம், கோடி என்று எண்ணும் நமக்கு 1,25,000 வேண்டும். இந்திய அமைப்பு கணினியில் நிறுவப்பட்டிருந்தால் 'லோக்கேல்' மாட்யூல் இதைச் செய்யும், நிறுவப்படாவிட்டால் எரர் எழுப்பி நிற்கும். கத்துகிற கருவி என்பதால் அதன்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ரெகுலர் எக்ஸ்பிரஷனால் ஒரே வரியில் கமா போடும் வித்தைகளுக்கு அந்த மதிப்பைத் தர மாட்டேன். பைசாவைக் குறிக்கும் புள்ளி வந்தால் அதற்குப் பின்னால் உள்ள இலக்கங்களுக்கு நடுவிலும் கமாவைப் போட்டுவிடக்கூடியவை அவை. கடைசி மூன்று இலக்கத்தைத் தனியே வைத்து, மீதியை வலமிருந்து இரண்டிரண்டாகப் பிரித்து, கழித்தல் குறியையும் பைசாவையும் தனியாகக் கவனிக்கும் ஒரு ஃபங்ஷன் எட்டுப் பத்து வரி வரும். அதை எழுதி, ஒரு பெயர் வைத்து, 0, 999, 1000, 99999, 100000, -125000, 1234567.50 ஆகியவற்றைக் கொடுத்து விடைகளைச் சரிபார்க்கும் சோதனையையும் அதன் கீழேயே வைத்துவிட வேண்டும்.